நீவ் என்றொரு பெயர்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் போன மாசியில் அயர்லாந்துப் பெண் ஒருத்தி புதிதாக வந்தாள். டேனிஷ்காரனைக் கலியாணம் செய்து இங்கே குடியேறியவள். வேலைப்பட்டியலில் இருந்த அவளுடைய பெயரை எழுத்துக்கூட்டி, "நியாம்ஹ்" என்று கூப்பிட்டேன். சிரித்துவிட்டாள்.

"நீவ்! எங்கட மொழியில கடைசி ரெண்டு எழுத்தும் சேர்ந்தால் 'வ்' தான்."

பெயரின் கருத்தைக் கேட்டேன். ஒளி, பிரகாசம் என்றாள். மிகப் பழைய ஐரிஷ் சொல்லாம். அவர்களுடைய பழங்கதைகளில் முதுமையே இல்லாத நாட்டின் இளவரசிக்கும் அதுதான் பெயராம்.

அவளை முதலில் ஒரு பழைய தச்சரின் அறைக்கு அழைத்துப் போனேன். தொண்ணூறு வயது. பக்கவாதம் வந்து இடது கை மடங்கி இறுகியிருந்தது. புதியவர்கள் அதைத் தொடுவதற்கு அவர் விடமாட்டார். அவள் தன் பெயரைச் சொன்னதும் அவருடைய கண்கள் விரிந்தன. டேனிஷில் அந்த ஒலிக்குக் 'கிள்ளு' என்று அர்த்தம்.

"நீதானே சொன்னனீ!" என்று நல்ல கையால் அவளுடைய சட்டைக்கையைக் கிள்ளினார்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "தமிழிலயும் அதுக்கொரு கருத்து இருக்கு. நீவு எண்டால் இப்பிடி" என்று அவளுடைய கையை முழங்கையிலிருந்து விரல்நுனி வரை மெல்லத் தடவிக் காட்டினேன்.

கிழவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு இறுகிய கையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சரி, எனக்குத் தமிழில செய் பாப்பம்."

அவள் நீவினாள். விரல்கள் விரியவில்லை, ஆனால் அவர் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. எனக்கு அதுவே பெரிய சந்தோசம்.

கோப்பி நேரத்தில் அவள் என் முழுப்பெயரைக் கேட்டாள். இருபது வருடங்களாக அங்கே எல்லாரும் என்னை முதல் இரண்டு எழுத்தால்தான் கூப்பிடுகிறார்கள். சொன்னேன். 'ழ'வில் சறுக்கினாள், திரும்பச் சொன்னாள், ஐந்தாம் முறை ஏறக்குறையச் சரியாக வந்தது.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் வியந்தார். "இவ்வளவு காலமும் நீர் ஏன் அவையளுக்குச் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லையப்பா."

"நீர் சொல்லியிருக்கலாம்தானே?"

ஓம், சொல்லியிருக்கலாம். அடுத்த கிழமை அலுவலகத்தில் புதிய பெயர் அட்டை ஒன்று கேட்டேன். முழுப்பெயரும் பொடி எழுத்தில், ஒரு வரிக்குள் மட்டுமட்டாக அடங்கியிருக்கிறது.