பெரியம்மாவின் ஜெர்மன்

ஜெர்மனியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் வாரத்துக்கு ஒரு வீட்டார் மாடிப்படிகளைக் கூட்டித் துடைக்க வேண்டும். முறை வந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக ஒரு சின்ன மரப்பலகையைக் முறை முடித்தவர்கள் நம் கதவுப்பிடியில் தொங்கவிட்டுப் போவார்கள். கீழ்த்தளத்தில் இருக்கும் பல் டாக்டருக்கும் இதே சட்டம்தான். அவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு படி துடைப்பதை முதலில் பார்த்தபோது எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. என் அம்மா நெய்வேலி டவுன்ஷிப்பில் கான்ட்ராக்டில் ரோடு கூட்டியவர். டவுன்ஷிப்புக்கு வெளியே இருக்கும் வடக்குத்து கிராமத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பிப் போவார். அடுத்தவர் வாசலைக் கூட்டாத ஒரு வேலை எனக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் என்னை நர்ஸுக்குப் படிக்கவைத்தார். இங்கே நர்ஸ் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, பல் டாக்டரோடு முறை போட்டுப் படி கூட்டுகிறேன் என்று போனில் சொன்னபோது அவர் நம்பவே இல்லை.

போன மாதம் எங்கள் முறை வந்தது. என் மகள் நிலா ஜெர்மனிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வயது ஐந்து. நான் கூட்டித் துடைக்க, அவள் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். மேல் வீட்டு ஃப்ராவ் வெபர் கைத்தடியோடு இறங்கிவந்தார். நிலா எழுந்து வழிவிட்டு, காலை வணக்கம் சொல்லி, படி ஈரமாக இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்று அழகான ஜெர்மனில் சொன்னாள். அந்த அம்மாள் அசந்துபோய் நின்றுவிட்டார். எங்கே கற்றாள், நீங்களா சொல்லிக்கொடுத்தீர்கள் என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். சொல்லிக்கொடுத்தது அவள் பெரியம்மா. அந்த உறவை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று தேடி, கிடைக்காமல், ‘பெரிய’ என்ற சொல்லையும் ‘அம்மா’ என்ற சொல்லையும் சேர்த்து “க்ரோஸ முட்டர்” என்றேன்.

“ஆ, க்ரோஸ்முட்டர்!” என்று அவர் மகிழ்ந்துபோனார். அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் பாட்டி என்று பொருள். பாட்டிகள்தான் உலகத்தைக் காப்பாற்றுகிறார்கள் என்று ஏதோ சொல்லிக்கொண்டே இறங்கிப்போனார். நான் திருத்தவில்லை. தலையில் ஒரு நரைகூட இல்லாத அந்தப் பெரியம்மாவை, மாலதி அக்காவை, பாட்டியாக்கியதில் ஒரு திருப்தி. அடுத்த இரண்டு படிகளை உற்சாகமாகவே கூட்டினேன்.

மாலதி அக்கா என் கணவரின் அண்ணி. அவருடைய கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், சுரங்கத்தில் பெர்மனென்ட். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். என் கணவர் செந்தில் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஃபிட்டர். எங்களுக்கு வடக்குத்தில் சிமென்ட் ஷீட் போட்ட வீடு. அண்ணனும் தம்பியும் ஒரே ஷிப்டில் ஒரே மண்ணைப் பூசிக்கொண்டு வெளியே வருவார்கள். ஒருவர் மரநிழலில் ஸ்கூட்டர் ஓட்டிப் போவார், மற்றவர் டவுன்ஷிப் வாசலில் இருக்கும் ஆர்ச்சைத் தாண்டி வெயிலுக்குப் போவார். கல்யாணமான புதிதில் அக்கா வீட்டுக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் எனக்கு முகம் சுண்டிப்போகும். அந்த வீட்டுப் பலாமரத்தை, தொங்கவிட்டிருந்த ஜன்னல் திரையை, போகாத கரண்டை, எல்லாவற்றையும் பார்த்துப் பொறாமைப்பட்டேன். என் அம்மா கூட்டிய ரோடுகளில் ஒன்று அந்த வீட்டு வாசலில்தான் போகிறது. அக்கா அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார் என்பதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

வடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபடி ஜெர்மனிக்குப் போக முடிவெடுத்தேன். வேலை தேடுவதற்கு முன்னால் மொழிப் பரீட்சை, அதன் பிறகு வீடியோவில் நேர்முகம். ஆன்லைன் வகுப்பு. எங்கள் வீட்டில் மழை பெய்தால் ஷீட் சத்தத்தில் டீச்சர் குரலே கேட்காது. “அண்ணி வூட்டுல போயி படி. பையன் ஹாஸ்டல்ல இருக்கான், அவன் ரூமு சும்மாதான கெடக்குது” என்றார் செந்தில். வேறு வழி தெரியவில்லை. டியூட்டி முடிந்ததும் நிலாவைத் தூக்கிக்கொண்டு அங்கே போவேன்.

“நீ படிச்சிகினு இரு, கொழந்தய நான் பாத்துக்கறேன்” என்று அக்கா கதவைச் சாத்திவிட்டுப் போவார். நான் உள்ளே ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பாலா பெண்பாலா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பேன். வெளியே சிரிப்புச் சத்தம் கேட்கும். பிறகு அக்காவே என் புத்தகத்தை வாங்கி, கீரை ஆய்ந்துகொண்டே என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எனக்கு நிற்காத சொற்கள் அவருக்கு நின்றன. அவர் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவர்; கல்யாணத்தோடு எல்லாம் நின்றுபோயிருந்தது. நிலாவும் கூடவே பிடித்துக்கொண்டாள். ஆப்பிளையும் பூனையையும் ஜெர்மனில் கூப்பிட்டுக்கொண்டு வீடு முழுக்க ஓடுவாள். கிளம்பலாம் என்றால் அக்காவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வாள். “நான் பெரியம்மா வூட்லயே தூங்கறேன். நீ போ.”

அந்த ‘நீ போ’வைத் தாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற சாயங்காலங்கள் உண்டு.

முதல் பரீட்சையில் பேச்சுப் பகுதியில் தோற்றுவிட்டேன். செய்தியைச் சொன்ன அன்று அக்கா தயங்கித் தயங்கி, “நானும் ஒரு தடவ எழுதிப் பாக்கட்டுமா?” என்று மாமாவிடம் கேட்டார். மாமா கெட்டவர் இல்லை. ஆனாலும் சிரித்துவிட்டார். “நீ எழுதி என்னா பண்ணப்போற? நிலக்கரிகிட்ட ஜெர்மன்ல பேசப்போறியா?” அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து நான் படிக்கும் அறைக்கு வந்து எதிரே உட்கார்ந்தார். “நான்தான் ஆஸ்பத்திரி பெரிய நர்ஸம்மா. பதில் சொல்லு. வாரும் டாய்ச்லாண்ட்?” ஏன் ஜெர்மனி என்று அர்த்தம்.

மனப்பாடம் செய்த பதிலை ஒப்பித்தேன். நல்ல மருத்துவமனைகள், புதிய அனுபவம்.

“இத எல்லாப் பொண்ணுங்களும் சொல்லும். நெசமா ஏன் போற?”

“இவரு கான்ட்ராக்ட்லயே கெழவனாயிடுவாருக்கா” என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். “எனக்கும் உங்க மாதிரி இருக்கணும்.”

“என்ன மாதிரியா?” அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தார். “இது எங்க வூடா? அவரு ரிட்டயர் ஆனா சாவிய குடுத்துட்டுக் கெளம்பணும். நீ என்ன பாத்து எரியறது எனக்குத் தெரியும் உமா. உன் மூஞ்சிலயே எழுதியிருக்கு. ஆனா நீ இந்தக் கதவ சாத்திக்கினு படிக்கிறத பாக்கறப்ப எனக்கு வயிறு எரியுது. உனக்கு எங்கியோ போவ ஒரு ஊரு இருக்குது.”

பக்கத்து அறையில் நிலா தனக்குத் தானே ஜெர்மனில் எண்ணிக்கொண்டிருந்தாள். அக்கா கண்ணைத் துடைக்கவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டார். “சரி, மொதல்லேருந்து சொல்லு. வாரும் டாய்ச்லாண்ட்?”

அடுத்த முறை தேறினேன். நேர்முகத்தில் அதே கேள்வியைக் கேட்டார்கள். என் கணவருக்கு நிரந்தரமில்லாத வேலை, என் மகளுக்கு ஒரு நிரந்தரம் வேண்டும் என்று சொன்னேன். வேலை கிடைத்தது. நிலாவை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். செந்தில் ஷிப்ட் முடிந்து போய்ப் பார்த்துக்கொள்வார். இங்கே வார்டில் கிழவர்களுக்கு முகம் துடைத்து, மாத்திரை கொடுத்து, அறைக்குத் திரும்பி வீடியோவில் கூப்பிட்டால் நிலா சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். அக்காவின் விரல்கள் அவள் வாய்க்கு வந்துபோகும். “அம்மாகிட்ட பேசு கண்ணு” என்று அக்கா கெஞ்சுவார். கெஞ்சித்தான் என் பிள்ளை என்னோடு பேசினாள். அந்தக் கையில் ஏதாவது குறை கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். சோறு சூடாக இருக்கிறது, மெதுவாக ஊட்டுங்கள் என்பேன். அக்கா ஊதிக் காட்டுவார்.

நான் வந்த பிறகு அக்கா யாருக்கும் சொல்லாமல் சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினார். முதல் தடவையிலேயே தேறினார். இப்போது அவர் ஹாலில் நர்ஸிங் முடித்த பெண்கள் பாய் போட்டு உட்கார்ந்து ஜெர்மன் படிக்கிறார்கள். மாமா ஷிப்ட் முடிந்து வந்தால் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறாராம். விசா கிடைத்து செந்திலும் நிலாவும் கிளம்பியபோது, விமானநிலையம் வரை வந்த அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று செந்தில் சொன்னார். ஊருக்குத் திரும்பும் வழி முழுக்க வண்டியில் பேசவே இல்லை என்று பிறகு மாமா சொன்னார்.

போன வாரம் இங்கே முதல் பனி விழுந்தது. நிலா கைபேசியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். திரை முழுக்க அக்கா, அவருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் மாணவிகள். “மாலதி மிஸ், இதான் உங்க பொண்ணா?” என்று ஒருத்தி கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அக்கா பதில் சொல்வதற்குள் நான் பின்னால் போய்க் குனிந்தேன். திரையின் மூலையில், எங்களைக் காட்டும் அந்தச் சின்னச் சதுரத்தில், நிலாவின் முகத்துக்குப் பக்கத்தில் என் முகவாயும் ஒரு தோளும் மட்டும் விழுந்தன.

“அம்மா, நகரு” என்றாள் நிலா. “பெரியம்மாவுக்குப் பனி தெரியல.”

நகர்ந்து நின்றேன்.