நான் ஏறினால் மட்டும் இழுக்கும் வண்டி

இளம்பிள்ளை வாதத்தால் எனக்கு இடது கால் பலவீனம். ஸ்ரீவராகத்திலிருந்து அலுவலகத்துக்கு, பின்னால் இரண்டு சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் போகிறேன். வளைவுகளில் வண்டி சரிகிறதே என்று, பின்சக்கரங்களை இணைக்கும் ஸ்வே பார் என்ற கம்பியை எடுத்துவிட்டுத் தடிமனான ஒன்றைப் போடச் சொன்னேன்.

மறுநாளே வண்டி வலப்பக்கம் இழுத்தது. மெக்கானிக் மணி ஓட்டிப் பார்த்து, "நேராத்தானே போகுது சேச்சி, பழகினா சரியாகும்" என்றார். நான் ஓட்டினேன், இழுத்தது. அவர் ஓட்டினார், நேராகப் போனது. என் கையில்தான் கோளாறோ என்று குழம்பினேன்.

அடுத்த வாரம் ஒரு திருப்பத்தில் பிரேக் பிடித்ததும், வண்டி எதிரே வந்த பஸ்ஸை நோக்கித் திரும்பியது. டிரைவர் ஒதுக்கியதால் பிழைத்தேன். நேரே மணியின் பட்டறைக்குப் போனேன்.

"நான் உக்காந்துக்கறேன், நீங்க பின்னாலேந்து பாருங்கோ" என்றேன்.

மணி குனிந்து பார்த்தார். "சேச்சி வலது பக்கமா சாஞ்சாக்கும் இருக்கிறது. ஆளில்லாத வண்டியில வச்சு நான் கம்பியோட போல்ட்டை முறுக்கிட்டேன்."

பழைய மெல்லிய கம்பிக்கு என் சாய்வு பெரிதாகப் படவில்லை. தடிமனான புதியது நான் ஏறியதுமே முறுக்கிக்கொண்டு வண்டியை வலப்பக்கம் இழுத்திருக்கிறது. என்னை உட்காரவைத்தே இரு முனைகளையும் தளர்த்தி மறுபடி பொருத்தினார். இழுப்பு நின்றது.

இத்தனை வருஷம் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவே இல்லை; இப்போதும் நேராக உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றுகிறது. அதனால் இப்போது வண்டியில் எந்த வேலை நடந்தாலும், கடைசி போல்ட்டை முறுக்கும்வரை நான் சீட்டை விட்டு இறங்குவதில்லை.