ருசியாக இருந்த கீரைப்பொடி

என் கணவருக்கு ரத்தக்கொதிப்பு. தென்காசி டாக்டர் உப்பை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். சாரல் சமயத்தில் குற்றாலத்துக்குப் போனபோது ஒரு மூலிகை வியாபாரி, "முருங்கையிலைப் பொடி, அண்ணாச்சி. சோத்துல போட்டுச் சாப்பிடுங்க, கொதிப்பு தன்னால அடங்கும்" என்று அவரிடம் விற்றார்.

உப்பில்லாத சாப்பாட்டுக்கு முகம் சுளிப்பவர், பொடிச்சோற்றுக்கு மட்டும் இலையை வழித்தார். எனக்கு அப்போதே சந்தேகம். மறுவாரம் தலை கிறுகிறுத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது!

வியாபாரியிடமே போய்க் கேட்டேன். "உப்புப் போடலைன்னா இந்தச் சாரலுக்குப் பூசணம் பிடிச்சிருமேக்கா!" என்றார் கூசாமல்.

இப்போது முருங்கையிலையை நானே நிழலில் உலர்த்தி இடிக்கிறேன். கணவர் மறுசோறு கேட்டால், முதலில் உப்பு ஜாடியைப் போய்ப் பார்க்கிறேன்.