அக்கா சொல்ல நான் எழுதிய கடிதம்

போன மாதம் சிங்கப்பூர் பூன் லேயில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே முதியவர்களுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். காப்பியும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள் என்றுதான் போனேன். பேச வந்த பெண் ஆள் கடத்தலைப் பற்றிச் சொன்னார். வாயைக் கட்டிச் சாக்கில் போட்டுத் தூக்கிப் போவதுதான் கடத்தல் என்று இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். ஒரு வேலை என்று ஆசை காட்டிக் கூட்டிவந்து வேறு வேலையில் போடுவது, அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது, வெளியே விடாமல் வேலை வாங்குவது, இதெல்லாம் அதற்கு அடையாளமாம். மேலே தெரிந்துகொள்ள நூலகத்தில் கேளுங்கள், அரசாங்கத்தின் இணையப் பக்கத்தைப் பேரப்பிள்ளைகளிடம் காட்டச் சொல்லுங்கள், சந்தேகம் வந்தால் போலீசிடம் சொல்லுங்கள் என்றார்.

பக்கத்து நாற்காலி அம்மா, "நம்ம ஆளுங்க வீட்டுல அதெல்லாம் ஏது லா" என்றார். நான் தலையை ஆட்டினேன். கூட்டத்தில் வாய் திறந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. தமிழில் இருந்த கையேட்டில் மட்டும் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் அத்தை சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சந்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். தங்கமான மனுஷி. பள்ளி விட்டு நான் வரும்போது எனக்கென்று இரண்டு வடை மூடி வைத்திருப்பார். மலேசியாவில் ஜொகூர் எஸ்டேட் ஒன்றிலிருந்து, தையல் வேலைக்கு என்று சொல்லி, அவர் ஓர் அக்காவைக் கூட்டிவந்தார். கடையில் தையல் மெஷினே கிடையாது. ஆட்டுக்கல் இருந்தது. அக்காவின் ஐசி, அதாவது அடையாள அட்டை, அத்தையின் அலமாரியில் இருந்தது. தொலைந்துவிடாமல் அத்தை எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார் என்று எனக்குப் பெருமைகூட. அக்கா வாசலைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் அத்தை தூங்குவார். மாவுக் கையைக் கழுவிவிட்டு அக்கா எனக்குச் சடை பின்னுவார்.

"உங்க அத்த கொறட்ட விடுற வரைக்கும் நம்ம ராஜ்யம்தான் பாப்பா" என்பார்.

ஒருநாள் சீப்பை வைத்துவிட்டு, "நீ படிக்கிற புள்ளதானே, எங்கண்ணனுக்கு ஒரு லெட்டர் எழுதித் தாயேன்" என்றார்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், நலம் என்று தொடங்க வேண்டும், படிப்பவர் மனம் நோகும்படி எதையும் எழுதக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

அக்கா மெதுவாகச் சொன்னார். "தையல் வேல இல்லண்ணே. விடிஞ்சா அடைஞ்சா மாவாட்டுறதுதான். ஐசிய வாங்கி வச்சுக்கிட்டாங்க. வெளிய விட மாட்டேங்குறாங்க. ஒடனே வந்து என்னக் கூட்டிட்டுப் போ."

நான் எழுதினேன்: 'அன்புள்ள அண்ணனுக்கு, நான் இங்கு நலம். வேலை நிறைய இருக்கிறது. ஐசி அத்தையிடம் பத்திரமாக உள்ளது. நேரம் கிடைக்கும்போது ஒருமுறை வந்து பார்த்துப் போகவும்.' கூட்டிப்போகச் சொல்லி எழுதக் கை வரவில்லை. வாத்தியார் சொன்னது பாதி. அக்கா போய்விட்டால் யார் சடை பின்னுவது என்பது மீதி.

"எல்லாம் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்க்கா."

எழுத்துத் தெரியாத அக்கா ஒவ்வொரு வரியிலும் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு தாளை மடித்து என் பள்ளிப் பைக்குள் வைத்தார். தபால் பெட்டியில் போட்டது நான்தான். அண்ணன் கடைசியில் வந்து அவரைக் கூட்டிப்போக இரண்டு வருடம் ஆயிற்று. பதில் கடிதம் மட்டும் இரண்டே வாரத்தில் வந்தது.

அத்தை உறங்கும் நேரத்தில் அதைப் படித்துக் காட்டினேன். 'தங்கச்சி, நீ சுகமாய் இருப்பதறிந்து சந்தோஷம். அங்கேயே நல்லபடியாக இரு. அவர்கள் மனம் கோணாமல் நடந்துகொள்.'

அக்கா தாளை வாங்கி வரிகளில் விரலை ஓட்டினார். திருப்பிக் கொடுத்து, "இன்னொரு தடவ படி பாப்பா" என்றார்.

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இந்த முறை நன்றாக உரக்கப் படித்தேன்.