ராசிக் நானா கடைக்குள் வெயில் இறக்கிய கதை

கூரை போடுகிறவனை ஊர் ஒருநாள் நினைக்கும். கூரையில் ஓட்டை போடுகிறவனை மழை பெய்கிற ஒவ்வொரு நாளும் நினைக்கும். நான் இரண்டாவது ரகம். தகரத்தை வெட்டி, வெளிச்சம் வருகிற தகடு பதிப்பது என் தொழில். மலையகத்தில் உடப்புசல்லாவையிலிருந்து நோர்வூட் வரைக்கும் நான் ஏறாத கூரை இல்லை. சறுக்கி விழாத கூரையும் அதிகம் இல்லை. உங்களில் யாராவது நல்லா இருந்த கூரையை ஆசைப்பட்டு வெட்டிவிட்டு, அடுத்த மழைக்குச் சட்டியும் வாளியுமாக நின்றிருந்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. நாமெல்லாம் சொந்தக்காரங்க.

நோர்வூட் கடைத்தெருவில் ராசிக் நானாவுக்குச் சேலைக்கடை; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்க நானா என்போம். இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர், ஜன்னலுக்கு வழியில்லை. டியூப் லைட்டில் தெரிகிற நிறத்தை நம்ம பொம்பளைங்க நம்புவாங்களா? ஒவ்வொரு சேலையையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாங்க. அங்கே தூறல். தூறலைவிட மோசம், நேர் எதிரே கண்ணாடி முகப்போடு திறந்திருந்த புதுக்கடை. போன தீபாவளிக்கு வாசல் வரைக்கும் போனவங்க, சேலையை விற்பனைக்கு நிற்கிற மாலாவின் கையில் கொடுத்துவிட்டு ரோட்டைத் தாண்டிட்டாங்க. நானா எனக்கு ஆளனுப்பினார். கைவேலைக்காரன் என்றால் எங்கள் பக்கம் பாஸ்தான்.

"பாஸ், இந்தத் தீபாவளியும் இப்பிடிப் போனா, கடையைப் பூட்டிட்டு மருமகன்ட கோழிப் பண்ணையில முட்டை பொறுக்கத்தான் போகணும்."

நடக்கிற வெயில்

"பால் நிறத்துல தகடு போடுவோம் நானா, வெளிச்சம் உடைஞ்சு எல்லாப் பக்கமும் பரவும்" என்றேன். "உள்ளுக்கிருந்து வானம் தெரியணும்" என்றார் அவர். தெரிகிற மாதிரியே போட்டேன். வானத்தோடு சூரியனும் வந்துவிட்டது. பாய் அகலத்துக்கு ஒரு வெயில், காலையில் வாசலோரத்து அலுமாரியில் ஏறி, கடை முழுக்க நடந்து, பிற்பகலில் நானாவின் மேசைக்கு வந்து சேரும். அந்த வெயிலுக்குள் நிற்கிறவங்களுக்குக் கண் கூசும். அதைத் தாண்டி நிற்கிறவங்களுக்கு முன்னைவிட இருட்டு.

நீலச் சேலை அடுக்கின் ஓரமெல்லாம் வெளுத்து வரிக்குதிரை ஆனது. லாபம் கண்டது மாலா மட்டும்தான். சுவர்க் கடிகாரத்தையே கழற்றி வைத்துவிட்டாள். நான் ஏணியோடு நிற்கும்போதுதான் வந்து சொன்னாள்:

"பாஸ், நானா மொட்டைத் தலைக்கு வெயில் வந்துருச்சு. நாங்க டீ குடிக்கப் போறோம்."

பச்சை

இனி என் பேச்சைக் கேட்பார் என்று நினைத்தேன். அவரோ வலப்பனைக்குப் போய், யாரோ நாற்று மேடைக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த பச்சைத் தகட்டைக் கட்டிக்கொண்டு வந்தார். "கண்ணுக்குக் குளிர்ச்சி" என்றார். குளிர்ச்சிதான். கடைக்குள் வந்த அத்தனை பேரும் மஞ்சள் காமாலை முற்றினவங்க மாதிரி தெரிந்தாங்க. வெள்ளை பச்சையானது, சிவப்பு கறுத்தது. நானாவின் வெள்ளைத் தாடியைப் பார்த்த ஓர் ஆடு வாசலில் ஏறி நின்றதை நானே கண்ணால் கண்டேன், நம்பாவிட்டால் விடுங்க.

மூன்றாம் நாள் தேயிலைத் தோட்டத்துக் கீழ் டிவிசனிலிருந்து ஒரு பொண்ணு சேலைப் பையோடு வந்து மேசையில் போட்டாள்.

"எங்க மாமியாருக்குன்னு அடக்கமா கறுப்பு மாதிரி ஒண்ணு எடுத்தேன் நானா. லயத்து வீட்டுல பிரிச்சா ரத்தச் செவப்பு! மாமனார் செத்து வருசம் திரும்பல, அந்தக் கெழவி என்னைய வெளக்குமாத்தோட தொரத்துது."

மேகமில்லாத மழை

அதற்குப் பிறகுதான் பால் நிறத் தகடு போட விட்டார். நம் நாட்டில் சூரியன் கொஞ்ச மாதம் வடக்கால் போகும், மிச்ச மாதம் தெற்கால் போகும். எந்தப் பக்கம் தகடு வைத்தாலும் ஒருநாள் எட்டிப் பார்க்கும். அதனால் வெளிச்சத்தை உடைக்கிற தகடுதான் சரி. மேல்பக்கத் தகரத்துக்கு அடியில் அதன் விளிம்பைச் செருகி, ஆணிக்கெல்லாம் ரப்பர் வாசர் வைத்து இறுக்கினேன். வெளிச்சம் பால் மாதிரி இறங்கியது. மறுநாள் காலையில் நானா போன் பண்ணி, ஒழுகுது என்றார்.

வெளியே பனி மட்டும்தான், மழை இல்லை. கூரையில் ஏறி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. உள்ளே வந்தால் நானாவின் தலையில் சொட்டுகிறது. கள்வன் உள்ளேதான் இருந்தான். தகடு பனியில் சில்லிட்டுக் கிடக்கிறது. கீழே பனியில் நனைந்த துணிமணியோடு ஒரு கூட்டம், மாலாவின் டீக் கேத்தல் ஆவி வேறு. அத்தனையும் மேலே போய்த் தண்ணீராகித் திரும்பி வருகிறது. இடைவெளி விட்டு அடியில் இன்னொரு தகடு போடணும், தண்ணீர் வடிய ஓரத்தில் சின்னப் பீலி வைக்கணும், முகட்டில் காற்றுக்கு வழி விடணும் என்றேன். நானா தலையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"வெளியில பெய்ற மழைக்குத்தான் கூரை போட்டேன். ஜனம் விடுற மூச்சுக்குமா பாஸ் கூரை போடணும்?"

வால்

முணுமுணுத்துக்கொண்டே அதையும் போட விட்டார். பனி விலகினால் தகடு இளஞ்சூடாக இருக்கும். அது குரங்குகளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு குடும்பமே மேலே படுத்து, வெயில் காய்ந்தது. கீழே விரித்திருந்த வெளிர் ரோஸ் சேலையில் மங்கலாக நிழல் விழுந்தது. நான் விரட்டப் போவதற்குள் ஒரு அம்மா அதைத் தடவிப் பார்த்துக் கேட்டுவிட்டாங்க:

"இந்த வாலு போட்ட டிசைன்ல வேற கலர் இருக்குங்களா?"

எதிர்க்கடைப் பை

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. கூரை ஒழுகவில்லை, கண் கூசவில்லை, நிறம் நிறமாகவே தெரிந்தது. கடையில் நிற்க இடமில்லை. நானா என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. அப்போதுதான் கவனித்தேன், வந்தவங்க கையிலெல்லாம் எதிர்க்கடைப் பை. அங்கே கண்ணாடி முகப்பில் வண்ண வண்ண பல்பு. வாங்கின சேலையின் நிறம் சரிதானா என்று பார்க்க எல்லோரும் இங்கே வந்திருக்காங்க. ஒரு அக்கா சேலையை விரித்துக்கொண்டே, "கோவிச்சுக்காதீங்க நானா, டவுன்லயே ஒங்க கடையிலதான் வெளிச்சம் நெசம் பேசுது" என்றாள்.

நானா என்னைப் பார்த்த பார்வையில் கோழிப்பண்ணை தெரிந்தது. நான் மெல்ல ஏணியை எடுத்தேன்.  அவரோ எழுந்து வந்து, அந்த எதிர்க்கடைச் சேலையைத் தானே வெளிச்சத்துக்கு நேராக இழுத்துப் பிடித்து, மேல்தட்டைக் கைகாட்டினார். சாயந்திரத்துக்குள் அந்தத் தட்டு காலி; அடுத்த தட்டுக்கும் அடி தெரிந்தது. முதல் ஆளிடம் அவர் சொன்னது இதுதான்:

"சேலை அங்க எடுத்தா என்ன புள்ள, அதுக்குத் தோதான ஜாக்கெட் துணியை இந்த வெளிச்சத்துல பாத்து எடுக்காட்டி எங்க போய் எடுப்பே? மாலா, அந்த மெரூன் கட்டை இறக்கு!"

வெளிச்சத்தைக் கீழே இறக்கிவிடத்தான் கூரைக்காரனுக்குத் தெரியும். அதில் வந்து நிற்கிறவங்களிடம் என்ன விற்கலாம் என்பது எந்த ஏணியில் ஏறினாலும் எங்களுக்குத் தெரியப் போவதில்லை.