தின்கன்ஜூன் வரை நீண்ட எல்லை

என் மகன் மேல் மாரியம்மன் இறங்கிவிட்டாள் என்று நான் நம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இந்தப் பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் என் தோசைக் கடைக்கு வருகிறவர்கள் யாராவது உங்களிடம் சொல்லிவிடுவார்கள். அதுவும் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

போன பங்குனிக்கு முந்தின பங்குனி. எங்கள் கோயில் தீமிதிக்கு என் ஒரே மகன் கண்ணன் காப்புக் கட்டிக்கொண்டான். க்யிம்யிண்டைங் படகுத்துறையில் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை அவனுக்கு. அதுவரை அவன் கோயில் பக்கம் வந்தால் சர்க்கரைப் பொங்கலுக்காகத்தான் வருவான். அப்படிப்பட்டவன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மஞ்சள் வேட்டியும் மணிக்கட்டில் மஞ்சள் கயிறுமாக நின்றதைப் பார்த்ததும் தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன்.

விரதம் என்றால் அப்படி ஒரு விரதம். ஒருவேளைச் சோறு சாப்பிடலாம் என்றார் பூசாரி. இவன் அதையும் தொடவில்லை. கோயில் மண்டபத்தில் படுத்துக்கொள்ளலாம் என்றார். இவன் தூங்கவேயில்லை. கண் இரண்டும் பளபளவென்று இருக்கும். தாடை ஓயாமல் அசையும். மந்திரம் சொல்கிறான் என்று நான் எல்லோருக்கும் விளக்கம் கொடுத்தேன். மண்டபத்து விளக்கையெல்லாம் துலக்கினான். துலக்கி முடித்ததும் மறுபடி முதல் விளக்கிலிருந்து ஆரம்பித்தான். இரண்டு பெண்கள் அவன் கையால் திருநீறு கேட்டு வந்தார்கள். பக்கத்தில் நின்று அவர்களை வரிசைப்படுத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? நானேதான்.

என் மனைவி ராணிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "ஏங்க, சோறு போடுற தெய்வம் அவ. அவ வந்து இறங்கின புள்ளைக்கா பசிக்காம போகும்?" என்று கேட்டாள். தெய்வக் காரியத்தில் சந்தேகப்படாதே என்று அவளை அதட்டினேன்.

ஒரு நாள் மதியம் துணி மாற்ற வீட்டுக்கு வந்தவன், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு நடுங்கினான். எனக்குப் புல்லரித்தது. ஓடிப்போய்த் தட்டில் கற்பூரம் ஏற்றி, அவன் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். தாயே, நான் என்ன குறை வைத்தேன், வாய் திறந்து சொல்லு என்று கதறினேன்.

கண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

"எழுந்திரிங்கப்பா. நான் அம்மன் இல்ல. யாமா போடுறேன்."

யாமா என்பது இந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த போதை மாத்திரை. பசியையும் தூக்கத்தையும் விரட்டிவிடும், பிறகு ஆளையே தின்றுவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் தரையிலிருந்து முகத்தை எடுக்காமல், "சோதிக்காதே தாயே" என்றேன்.

ராணி அடுப்படியிலிருந்து வந்து கற்பூரத்தை ஊதி அணைத்தாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அழுகைக்கு நடுவே கண்ணன் எல்லாவற்றையும் சொன்னான். இரவு வேலைக்குத் தூக்கம் வராமல் இருக்கட்டும் என்று யாரோ கொடுத்ததில் ஆரம்பித்ததாம். இப்போது அது இல்லாமல் எழுந்து நிற்கவே முடியவில்லையாம். "காப்புக் கட்டிக்கிட்டா அம்மன் விட வச்சிருவாள்னு நெனச்சேன்பா. முடியல" என்றான். நான் ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்த நாட்களில், கையில் அந்தக் கயிற்றை வைத்துக்கொண்டு அவன் தனியாகப் போராடியிருக்கிறான். தட்டோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு எனக்கு வந்த பயம் இருக்கிறதே, அதற்குத் தனி உற்சவமே நடத்தலாம். வீட்டில் மாத்திரை என்று எது கண்ணில் பட்டாலும் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ராணியின் சத்து மாத்திரை போனது. கற்பூரக் கட்டி போனது. கடைசியில் என் ரத்த அழுத்த மாத்திரையும் போனது. மறுநாள் தலை சுற்றித் தோசைக்கல் பக்கத்திலேயே சாய்ந்தேன். போதையில் கிடக்கிற மகன் தெளிவாக நிற்கிற அப்பனைத் தோளில் தாங்கித் தெருமுனை டாக்டரிடம் கொண்டுபோனான். வழியெல்லாம் அவன் கை நடுங்கியது. ஆனாலும் அவன் என்னை விடவில்லை.

வைத்தியத்துக்கு எங்கே போவது? யாரிடம் கேட்பது? போலீஸ் காதுக்குப் போனால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் வேறு. மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் காசிம் பாயிடம் போய், என் நண்பர் ஒருவருடைய மகனுக்கு இப்படி ஒரு கஷ்டம் என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒன் நண்பருக்கும் தோசைக் கடையா மாணிக்கம்?" என்றார்.

அழுதுவிட்டேன். பாய் டீ வரவழைத்தார். இத்தனை வருடப் பழக்கத்தில் என்னிடம் சொல்லாத ஒன்றை அன்றைக்குச் சொன்னார். அவருடைய தம்பியும் இதே குழியில் விழுந்து எழுந்தவராம். டாக்ஸியில் போகிற தூரத்தில், தின்கன்ஜூனில், சின் என்ற மலையின மக்கள் நடத்தும் ஒரு மறுவாழ்வு வீடு இருக்கிறது, ஜெபமும் வைத்தியமும் சேர்ந்த இடம், அங்கே போ என்றார். மாரியம்மன் பக்தனுக்கு ஒரு முஸ்லிம் கிறிஸ்தவர் வீட்டுக்கு வழி சொல்கிறார். இதில் அம்மனின் வேலை எங்கே என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

போய்ப் பார்த்தேன். வாசலுக்கு மேலே சிலுவை. முற்றத்தில் பையன்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டை நடத்துகிறவரை எல்லோரும் சயா, அதாவது வாத்தியார், என்றே கூப்பிடுகிறார்கள். பொறுமையாகக் கேட்டுக்கொண்ட சயா, பர்மிய மொழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். பிள்ளை தன் காலால் நடந்து வர வேண்டும், தன் வாயால் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். கட்டி இழுத்து வந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம்.

வீட்டுக்கு வந்து சொன்னால், கண்ணன் மாட்டேன் என்றான். "காப்புக் கட்டினவன் எல்லை தாண்டக் கூடாதுப்பா. தீமிதி முடியட்டும்."

அவன் சொன்னதும் நியாயம்தான். காப்புக் கட்டும்போது பூசாரி எல்லையும் கட்டுவார். எங்களுக்கு இந்தப் பக்கம் ரயில் பாதை, அந்தப் பக்கம் மார்க்கெட். காப்பு அவிழ்க்கிற வரைக்கும் கட்டியவன் அதைத் தாண்டக் கூடாது. அதுவரை காத்திருந்தால், அந்தக் கால்களோடு அந்த உடம்போடு அவன் நெருப்பில் இறங்குவான். நடுவில் விழுந்தால்?

உச்சி வேளையில் கோயிலுக்குப் போனேன். யாரும் இல்லை. நான் மெதுவாக வேண்டத் தெரியாதவன். "எல்லையைப் போட்டவ நீ. அதுக்கு அந்தப் பக்கம் வைத்தியத்தை வச்சவளும் நீ. என் பிள்ளையை எப்படிக் கூட்டிட்டுப் போவேன், நீயே சொல்லு" என்று சண்டையே போட்டேன்.

பதில் பின்னாலிருந்து வந்தது.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா வேண்டக் கூடாதா? எனக்கும் கேட்டுருச்சு."

எங்கள் சேகர் பூசாரி. நடை சாத்த வந்தவர். என்னைவிட வயதில் சிறியவர். இனி மறைத்து என்ன? எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் அம்மன் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார்.

"எல்லையைத் தண்ணி தெளிச்சுக் கட்டினது நான்தானேண்ணே. தின்கன்ஜூன் வரைக்கும் இன்னொரு தடவை தெளிச்சாப் போச்சு."

மறுநாள் காலையில் டாக்ஸியில் கிளம்பினோம். முன்னால் பூசாரி, மடியில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர். பின்னால் எனக்கும் ராணிக்கும் நடுவில் கண்ணன். முக்குக்கு முக்கு பூசாரி ஜன்னல் வழியாக வேப்பிலையால் தெளித்துக்கொண்டே வந்தார். பாதித் தண்ணீர் என் சட்டையில் விழுந்தது. மூன்றாவது முக்கில் டிரைவர் தானாகவே வேகத்தைக் குறைத்துக் கொடுத்தார்.

மறுவாழ்வு வீட்டு வாசலில் இறங்கி, மிச்சமிருந்த தண்ணீரைக் கேட்டுக்கு நேராகக் கோடு போல ஊற்றினார் பூசாரி. கேட்டில் வேப்பிலை கட்டினார். பிறகு கண்ணனிடம் திரும்பினார்.

"தம்பி, இதுதான் இப்போ உன் எல்லை. காப்பு அவுக்குற வரைக்கும் இதைத் தாண்டி வெளிய வரக் கூடாது."

கண்ணன் கோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு.

"நல்லா மாட்டிவிட்டீங்கப்பா" என்றான். கோட்டைத் தாண்டி உள்ளே போனான். சயாவிடம், "இருக்கிறேன்" என்று தன் வாயாலேயே சொன்னான்.

என்ன தண்ணீர் இது என்று சயா என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். வேப்பிலை அப்படியே இருக்கட்டும் என்றார். எங்களிடம் பூட்டு இல்லை, நீங்களாவது ஒன்று போட்டீர்களே என்று சிரித்தார்.

தீமிதி அன்று அவன் நிற்க வேண்டிய இடத்தில் அவன் இல்லை. கண்ணன் சாமி எங்கே என்று கேட்டார்கள். என் வாயில் வேடிக்கைப் பேச்சு ஒன்று தயாராகத்தான் இருந்தது. ராணி என் முகத்தையே பார்த்தாள். யாமாவுக்கு வைத்தியத்தில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. திருநீறு வாங்கிப் போன பெண்களில் ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டாள். அவள் மருமகனுக்காம்.

விழா முடிந்தது. மற்றவர்களுக்குக் காப்பு அவிழ்த்தாயிற்று. எனக்கு மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. கயிறு அவிழ்ந்தால் எல்லையும் போய்விடுமே! பூசாரிக்குக் காய்ச்சல் வரட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன், அம்மன் மன்னிக்கட்டும். நல்ல வேளை, அவருக்கு ஒன்றும் வரவில்லை. இருவரும் தின்கன்ஜூன் போனோம்.

வாசலில் சயா சொன்னார். ஒரு நாள் விடிகாலையில், உடம்பு தாங்காமல் கண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுவரைக்கும் வந்தானாம். சிமெண்டில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. அதற்கு உள்பக்கமே வெகுநேரம் உட்கார்ந்திருந்தானாம். பிறகு எழுந்து உள்ளே போய்க் கஞ்சி கேட்டானாம்.

பூசாரி கயிற்றில் கை வைத்தபோது கண்ணன் கையை இழுத்துக்கொண்டான்.

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் சாமி. அவுத்தா நான் வெளிய வந்துருவேன்."

மழைக்காலம் முடியும் வரை அந்தக் கயிறு அவன் கையில் இருந்தது. நிறம் வெளுத்து, நார் நாராகப் போன பிறகு, ஒரு நாள் அவனே பூசாரிக்கு ஆள் அனுப்பினான். அவிழ்த்த கயிற்றை அம்மன் காலடியில் வைத்தபோது எனக்குச் சத்தமே வரவில்லை. சத்தம் போடாமல் நான் வேண்டியது அன்றைக்குத்தான்.

அம்மனின் பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை சாப்பிடாமல் தூங்காமல் இருந்தால், அவன் காலில் விழ வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், என்ன என்று கேளுங்கள். அம்மனிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். யார் காதில் விழ வேண்டுமோ அவர் காதில் அவள் விழ வைப்பாள். அவள் காட்டுகிற வாசலில் எந்தச் சின்னம் இருந்தாலும் தயங்காமல் தட்டுங்கள். வழி தெரியாவிட்டால் என் கடைக்கு வாருங்கள், நான் கூட வருகிறேன்.

என் மகன் மேல் அம்மன் இறங்கவில்லை. அவன் யாமா போட்டான், சொன்னான், வைத்தியம் பார்த்துக்கொண்டான். இப்போது காலையில் கடையில் என்னோடு மாவு கரைக்கிறான். பசித்தால் சாப்பிடுகிறான். இரவில் தூங்குகிறான்.