யாரும் கேட்காத மதிப்பெண்

லாரி எடைமேடையில் ஏறி நின்றதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டுதான் எண்ணைப் பார்ப்பார். அதுவரை ஓட்டுநர் ஹாரன் அடித்தாலும் சரி, அப்பனை ஆத்தாளை இழுத்தாலும் சரி, எடைமேடைக்காரருக்குக் காது கேட்காது.

லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘முள்ளு’. தராசு முள் மாதிரி இந்தப் பக்கமும் சாயமாட்டார், அந்தப் பக்கமும் சாயமாட்டார்.

“அண்ணே, கொஞ்சம் கண்ண மூடிக்கக் கூடாதா? ஒரு மூட்டதானே கூட இருக்கு!”

“கண்ண மூடவா எனக்குச் சம்பளம் தர்றாங்க? எறக்கிட்டு வா.”

அவரோடு வாழ்வது லேசில்லை. ஒரு கல்யாண வீட்டில், யாரும் கேட்காமலே, மாப்பிள்ளையின் வயதைச் சபை நடுவில் திருத்திச் சொன்னவர். அந்தப் பக்கத்து உறவு அன்றோடு சரி.

ஒரே மகள், கெட்டிக்காரி. பள்ளிப் பாடம் போதாதென்று, ஐந்து மதிப்பெண்ணுக்கு நடக்கும் கல்லூரித் தரத்துத் தனித் தேர்வுகளுக்கும் பெயர் கொடுத்தாள். கணக்கிலும் வேதியியலிலும் ஐந்துக்கு ஐந்து. இயற்பியல் தேர்வன்று காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. “பேர் குடுத்தாச்சுல்ல, போய் எழுதிட்டு வந்துரு” என்று கொண்டுபோய் விட்டவரும் இவர்தான். ஐந்துக்கு ஒன்று வந்தது.

அவள் ஆசைப்பட்டது ஒரே ஒரு பொறியியல் கல்லூரி. இந்த மதிப்பெண்களில் வேண்டியதைக் குறிப்பிடலாம், வேண்டாததை விட்டுவிடலாம் என்று விண்ணப்பத்திலேயே இருந்தது. நல்லதை மட்டும் போட்டால் போதும் என்று டீச்சரும் சொல்லியனுப்பினார். மகளும் அப்படித்தான் நிரப்பினாள். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இயற்பியல் எங்க?”

“அத விட்டுரலாம்னு அவங்களே சொல்றாங்கப்பா. எல்லாரும் விடுறாங்க.”

“எல்லாரும் விடட்டும். நீ எழுதினியா இல்லையா? போடு.”

“கேக்காததுக்கு எதுக்குப்பா முந்திரிக்கொட்டை மாதிரி...”

“போடும்மா. நாளைக்கு ஒருத்தன் நம்மளக் கை நீட்டிப் பேசிரக் கூடாது.”

அப்பா பேச்சைத் தட்டிப் பழகாத பெண். போட்டாள்.

இடம் கிடைக்கவில்லை. இயற்பியலில் அதே ஒன்றை வாங்கி, அதைச் சொல்லாமல் விட்ட தோழிக்குக் கிடைத்தது. பாவி மனுஷன், தன் கையாலேயே பெண்ணின் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டார். அவள் அழுதிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால் கூட அவருக்கு ஆறியிருக்கும். அவளோ பேச்சையே விட்டுவிட்டாள். வேறு கல்லூரிக்கு எழுதிப் போடவும் மறுத்துவிட்டாள்.

இப்போது எடைமேடை அறையில் எடைச்சீட்டு அடிப்பது அவள்தான். அவர் எண்ணைப் பார்த்துச் சொல்வார், அவள் அடிப்பாள். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே புழங்குவது லாரிகளின் எடை மட்டும்தான்.

நேற்று ஒரு கருங்கல் லாரி வந்தது. பாரம் கூடுதல் என்பது டயரைப் பார்த்தாலே தெரிந்தது. ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டி வழக்கம்போல் கெஞ்சினார். முள்ளு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“எனக்குக் கண்ணு சரியாத் தெரியலம்மா. நீயே பாத்து, உனக்குத் தோணுறத அடிச்சுக்க” என்றவர், நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.